பந்தைத் தொடையில் தேய்க்காதே

பந்து ஏழுமலையின் கழுத்தெலும்பில் பட்டுத் தெறித்தபோது நான் தாளில் ‘பலம்’ என்ற கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தேர்வாளர் வேலை என்பது இதுதான், ஒருவன் வலியில் குந்தியிருக்கும்போது இன்னொருவனுக்கு மதிப்பெண் போடுவது.

“எழுந்திரு ஏழுமலை. ஒண்ணும் இல்ல” என்றேன்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றான் ஏழுமலை.

தையல் தெரிந்தது

எறிந்தவன் ரஃபீக். இருபத்து நான்கு வயது. தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஏழு வருடம் கிரிக்கெட்டில் மிதவேகமாகப் பந்து வீசி, எந்த அணியிலும் நிலையான இடம் கிடைக்காமல் பேஸ்பாலுக்கு வந்தவன். எங்களிடம் வந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் புதுச்சேரியில் பேஸ்பால் ஆடத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அவர்களும் ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. தேசியப் போட்டிக்குப் போகும் பதினாறு பேரில் ஒருவனாகிவிட்டால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ரஃபீக்குக்கு வயது வரம்பு அடுத்த வருடத்தோடு முடிகிறது. தேர்வாளருக்குத் தெரிந்திருக்கக் கூடாத விஷயம் அது. எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. பிட்ச்சர் எறிவான். அடிப்பவன் மட்டையைச் சுழற்றுவான். அவனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் பிடிப்பான். மூன்று முறை கோட்டைவிட்டால் அடிப்பவன் அவுட். பிட்ச்சர் நான்கு முறை கண்டபடி எறிந்தால் அடிப்பவன் ஜாலியாக முதல் பேஸுக்கு நடந்துபோகலாம். எங்கள் பிட்ச்சர்கள் எல்லாரும் தோள் கழன்றுவிடும்போல வேகமாக எறிந்தார்கள். ரஃபீக் மட்டும் மெதுவாக எறிந்தான். இரண்டு விரல் நகங்களைப் பந்தின் தோலில் ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல், கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிடுவான். நக்கிள் பால் என்று அதற்குப் பெயர். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பழகியது. பந்து சுற்றவே சுற்றாது. சிவப்புத் தையல் அப்படியே கண்ணுக்குத் தெரிய மிதந்து வரும். பாதி வழியில் தடுமாறி எங்காவது சரியும்.

என்னுடன் இருந்த இன்னொரு தேர்வாளர் பிலிப் சார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மாலையில் கடற்கரை ஓரம் நண்பர்களோடு பெத்தாங்க் ஆடுவார். இரண்டு இரும்புக் குண்டுகளில் எது இலக்குக்குப் பக்கம் என்று சண்டை வந்தால் மற்றவர்கள் அளவு நாடாவைத் தேடுவார்கள். அவர் நின்ற இடத்தில் இருந்தே சொல்லிவிடுவார். அரை விரல் வித்தியாசம்கூடத் தப்பாது. அவர் ரஃபீக்கைக் கூப்பிட்டு, பந்து எங்கே போகும் என்று உனக்காவது தெரியுமா என்று கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்சா அடிக்கிறவனுக்கும் தெரிஞ்சிடும் சார்” என்றான் ரஃபீக்.

பட்டறையில்

ரஃபீக் இரண்டு நாள் பயிற்சிக்கு வராததால் பட்டறைக்கே போனேன். வெள்ளிக்கிழமை. ஜும்மா முடித்து வந்து, தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து எமரி தாளில் நகம் தேய்த்துக்கொண்டிருந்தான். வலது ஆள்காட்டி விரல் நகம் பாதிக்கு மேல் போயிருந்தது. மாட்டிக்கொண்ட நட்டு ஒன்றைத் திருகும்போது ஒடிந்ததாம். நகம் இல்லாமல் எறிந்தால் பந்து சுற்ற ஆரம்பித்துவிடும். சுற்றினால் அது வெறும் மெதுவான பந்து. எட்டாம் வகுப்புப் பையன்கூட அதைக் குருசுக்குப்பம் வரைக்கும் அடிப்பான். தேர்வு ஆட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. நகம் வளர மூன்று வாரமாவது ஆகும் என்று அவனே கணக்குப் பார்த்து வைத்திருந்தான்.

“பலவீனம்னு எழுதிடாதீங்க சார். வளந்துடும்.”

நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். நகத்தை நம்பி ஒரு அணியை அனுப்புவது எப்படி என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குள் பட்டறை முதலாளி வந்து என் பக்கத்தில் நின்றார். ரஃபீக் ஒரு மாதம் மெஷின் வேண்டாம், பேக்கிங்கில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். ஆனால் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

“எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அவ நெகத்த இவ்ளோ பாக்கல சார்.”

ஏழுமலையின் கோழி

ரஃபீக்கை எடைபோடுவது என்றால் பாதி எடை ஏழுமலையினுடையது. வில்லியனூர் பக்கம் விவசாயக் குடும்பம். காலையில் வயலில் ஒரு சுற்று, பிறகு டவுனில் மளிகைக் கிடங்கில் வேலை, நான்கு மணிக்கு மைதானம். எங்களிடம் இருந்த ஒரே உருப்படியான கேட்சர். முதல் வாரம் ரஃபீக் எறிந்த பந்துகளில் பாதி அவனைத் தாண்டிப் போயின. மீதியில் பாதி அவன் மேல் பட்டன. முழங்கால், விலா, கழுத்து என்று நீலம் பாரித்து, ஒரு நாள் கிளவுஸைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“சார், வேகமா எறியறவன் அடிச்சா ஒரு எடத்துலதான் வலிக்கும். இவன் ஒடம்பு பூரா எழுதிட்டுப் போறான்.”

தேர்வாளர் கற்றுக்கொடுக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. எனக்கும் கற்றுக்கொடுக்க எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். நான்கு நாள் கழித்து ஏழுமலை திடீரென்று பிடிக்க ஆரம்பித்தான். எல்லாவற்றையும் இல்லை; பத்துக்கு எட்டு. முன்பு பந்தை நோக்கிக் கையை நீட்டியவன், இப்போது கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் குந்தியிருந்தான். பந்து தன் ஆட்டத்தை எல்லாம் ஆடி முடித்து மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் கை எழும்பியது. என்னப்பா செய்தாய் என்று கேட்டேன். வீட்டில் கோழி பிடித்தபோது தோன்றியதாகச் சொன்னான்.

“தொரத்தினா அது எந்தப் பக்கம் பூரும்னே தெரியாது சார். சும்மா குந்தினு இருந்தா கிட்ட வரும். அப்ப ஒரே அமுக்கு.”

நான் செய்த தப்பு

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். கடலூர் அணியோடு பழக்க ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. எங்கள் வேகக்காரன் சங்கருக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. எதிரணி ஆள் ஒருவன் மூன்றாவது பேஸில் நின்றான். இன்னும் ஒரு பேஸ் ஓடினால் ரன். அந்த நேரத்தில் ரஃபீக்கை இறக்கச் சொன்னேன். நகம் முக்கால்வாசி வளர்ந்திருந்தது. முதல் பந்தை அடிப்பவன் சுற்றிக் கோட்டைவிட்டான். ஏழுமலையும் கோட்டைவிட்டான். பந்து பின்னால் வேலி வரைக்கும் உருண்டது. மூன்றாவது பேஸ்காரன் கையை வீசிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தான். அடுத்த இரண்டு பேரை ரஃபீக் நடக்கவிட்டான்; நழுவிய பந்துகளில் அவர்களும் ரன் எடுத்தார்கள். இரண்டு ரன்னில் தோற்றோம்.

யோசித்துப் பார்த்தால் தப்பு எறிந்தவன் மேல் இல்லை. ஆள் நிற்கும்போது நழுவும் ஒவ்வொரு பந்தும் ரன். பேஸ் காலியாக இருக்கும்போது நழுவினால் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு ஆட்டம் எறிந்தால் மூன்று நாள் ஓய்வு வேண்டும். இவனுக்குத் தோள் வலியே கிடையாது. தேசியப் போட்டியில் மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்றால் மூன்றிலும் எறிவான். ஆகவே இவன் ஒன்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அணியிலேயே இருக்கக் கூடாது. நடுவில் ஒரு இடம் இவனுக்கு இல்லை. பதினைந்து பெயர்கள் முடிவாகியிருந்தன. பதினாறாவது இடத்துக்கு ரஃபீக் அல்லது சங்கர். சங்கர் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் கூப்பிட்டாலும் இறங்கி எறிவான். சங்கருக்கு வயது பத்தொன்பது என்பதும் எனக்குத் தெரியும்.

பிலிப் சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“மிசியே, பத்திக்கினு எரியறப்ப கூப்புடற ஆளு இல்ல இவன். மொதல்லயே எறக்குங்க, இல்ல சங்கர எழுதிட்டு வாங்க, டீ சாப்புடலாம்.”

தொடை

கிரிக்கெட்டில் பந்து வீசியவன் எவனும் பந்து கைக்கு வந்ததும் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். தொடையில் இரண்டு தேய்ப்பு. பேஸ்பாலில் பிட்ச்சர் அதைச் செய்யக் கூடாது. பந்தை உடுப்பில் தேய்த்தால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை வெளியே. எங்களுக்குள் ஆடியபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை, நாங்கள் எல்லாருமே தேய்த்துக்கொண்டிருந்தோம். சென்னையில் இருந்து வந்த அம்பயர் ஒரு பழக்க ஆட்டத்தில் ரஃபீக்கை இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியே அனுப்பினார். தேர்வு ஆட்டத்துக்கும் அவர்தான் வருவதாக இருந்தது.

அடுத்த பத்து நாள் அந்தக் கையை நிறுத்துவதுதான் எல்லாருக்கும் வேலை. பேன்ட்டின் அந்த இடத்தில் எமரி தாள் ஒட்டிக்கொள்கிறேன், கை பட்டால் உறுத்தும் என்றான் ரஃபீக். பந்தைச் சொரசொரப்பாக்கினான் என்று ஆயுள் முழுக்கத் தடை போடுவார்கள் என்று கத்தினேன். கடைசியில் ஏழுமலை ஒரு ஏற்பாடு செய்தான். பந்து ரஃபீக்கிடம் திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து “கை!” என்று கத்த வேண்டும். அவனும் உடனே பந்தைக் கிளவுஸுக்குள் போட்டுக்கொள்வான். ஒரு சாயங்காலத்துக்கு நூறு தடவை. வேலிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்கள். ஒரு முறை கத்த மறந்தோம். கை போயிற்று. நான் மைதானத்துக்குள்ளேயே போய், ஏன்டா தேய்த்தாய் என்று கேட்டேன். அவன் நிஜமாகவே திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். பந்து தொடையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

“நான் எப்ப சார் தேச்சேன்?”

ஏழாவது இன்னிங்ஸ்

தேர்வு ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடல் பக்கத்து மைதானம். காற்று எறிபவனின் முகத்துக்கு நேராக அடித்தது. ரஃபீக்குக்கு அது நல்லது, பந்து இன்னும் தடுமாறும். இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் ரஃபீக் தொடங்கினான், எதிர்ப்பக்கம் சங்கர். எனக்கும் பிலிப் சாருக்கும் வேலிக்கு உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் தாள், மூன்று கட்டம்: பலம், பலவீனம், பொறுப்பு. முதல் இரண்டும் நிரம்பியிருந்தன. பலவீனம் கட்டத்தில் இடம் போதாமல் பிலிப் சார் ஓரத்தில் ‘தொடை’ என்று தன் கையால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மூன்றாவது இன்னிங்ஸில் எச்சரிக்கை வந்தது. கத்தினார்கள், காற்றில் ரஃபீக்குக்குக் கேட்கவில்லை, கை தொடைக்குப் போய்விட்டது. அம்பயர் கையைத் தூக்கி, இன்னொரு முறை என்றால் வெளியே என்று சைகை காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் எட்டுப் பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். சங்கர் நன்றாகவே எறிந்தான். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் வரும்போது ரஃபீக் பக்கம் இரண்டு ரன், சங்கர் பக்கம் ஒன்று. மூன்று பேர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடியும்; ரஃபீக் இரண்டு பேரை அவுட் ஆக்கினான். ஒருவனை நடக்கவிட்டான். நழுவின இரண்டு பந்துகளில் அவன் மூன்றாவது பேஸுக்குப் போய்விட்டான். அவன் வந்து சேர்ந்தால் சமன். அடிப்பவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது. இன்னும் ஒன்று.

ஏழுமலை பந்தைத் திருப்பி எறிந்தான். யாரும் கத்தவில்லை. எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ரஃபீக்கின் கை இறங்கியது. தொடையில் ஒரு முறை. இன்னொரு முறை. அம்பயர் அந்த நேரம் குனிந்து, முதுகைக் காட்டியபடி, சின்னப் பிரஷ்ஷால் அடிப்பவன் முன்னால் தரையில் பதித்திருந்த பலகையின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது பந்து கிளவுஸுக்குள் இருந்தது. நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எறிந்தான். தையல் நன்றாகத் தெரிந்தது. அடிப்பவன் இடுப்போடு சுழன்று வெறும் காற்றை அடித்தான். மூன்றாவது ஸ்ட்ரைக். பந்து கடைசி நேரத்தில் சரிந்து ஏழுமலையின் மார்பில் பட்டு முன்னால் உருண்டது. இங்கேதான் நாங்கள் யார் என்பது வெளிப்பட்டது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால் ஆட்டம் முடியவில்லை, அடிப்பவன் முதல் பேஸுக்கு ஓடலாம் என்பது விதி. எங்கள் ஆட்கள் விக்கெட் விழுந்ததாக நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு ரஃபீக்கைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார்கள். முதல் பேஸில் நின்றவனும் வந்துவிட்டான். முதல் பேஸ் காலி. அடிப்பவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். மூன்றாவது பேஸ்காரனும் ஓடினான்.

தன் பந்தை நம்பாதவன் ரஃபீக் ஒருவன்தான். அது எங்கே போய் விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அவன் எப்போதும் மூச்சுவிடுவான். கட்டிப்பிடிக்க வந்த இரண்டு பேரைத் தள்ளிவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். ஏழுமலை பந்தைத் துரத்தவில்லை. அது உருண்டு நிற்கும்வரை ஒரு நொடி பார்த்துக்கொண்டிருந்து, எடுத்து எறிந்தான். ரஃபீக் ஓடிக்கொண்டே பிடித்து, பேஸை மிதித்தான். அடிப்பவனின் கால் அதற்கு ஒரு எட்டு பின்னால் விழுந்தது. அம்பயர் முஷ்டியை உயர்த்தினார்: அவுட், மூன்றாவது பேஸ்காரன் ஓடிவந்த ரன் செல்லாது, ஆட்டம் முடிந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏழுமலை எங்கள் பக்கம் பார்த்துச் சொன்னான்:

“கோழி கூண்டுக்கு வந்துடுச்சி சார்.”

மூன்றாவது கட்டம்

பிலிப் சார் என் மடியில் இருந்த தாளை வாங்கிக்கொண்டார். ‘தொடை’ என்று தான் எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே புதிதாக எதையும் சேர்க்கவும் இல்லை. சங்கர் தூரத்தில் தனியாக உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“கடைசிப் பந்துக்கு முன்னாடி நீங்க எங்க பாத்துக்கினு இருந்தீங்க மிசியே?” என்றார்.

“அம்பயர சார். நீங்க?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில் ‘ஆட்டத்தைத் தொடங்குபவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் பேனாவை நீட்டினார்.

“கண்ணாடி மாத்தணும். இப்பல்லாம் தூரத்துல இருக்கறது சரியாவே தெரிய மாட்டேங்குது.”

ஆறு வருடத் தேர்வாளர் வேலையில் பார்த்ததை எழுதாமல் விட்டது அந்த ஒரு முறைதான் என்று நான் சொன்னால், நீங்களும் எங்காவது யாரையாவது தேர்ந்தெடுத்தவர்களாக இருப்பீர்கள், நம்பமாட்டீர்கள்.

ரஃபீக் ஓடிவந்து பந்தை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் திரும்பிப் போனான். நான் அதைத் தொடையில் இரண்டு முறை தேய்த்து, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தேன்.